கடல்நீர்த் தொட்டியின் முதல் ஆறு வாரம்: யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் படர்பவை

புதிதாகக் கடல்நீர் நிரப்பிய மீன்தொட்டி முதல் சில நாள்களுக்குத் தெளிவாகவே இருக்கும். அதன்பின் நீர் வெண்மையாகக் கலங்குகிறது. கல்லில் வெள்ளை நார்ப்படலம் தொங்குகிறது. மூன்றாம் வாரமளவில் மணலும் கண்ணாடியும் பழுப்பாகின்றன. அது மறைவதற்குள் கருஞ்சிவப்புத் தோல் ஒன்று மணலை மூடுகிறது, அல்லது குமிழ்கள் சிக்கிய பழுப்புச் சளி கல்லிலிருந்து இழையிழையாக நீள்கிறது. தொட்டி வைத்தவர் இதை நோய் என்று எண்ணி மருந்து தேடத் தொடங்குகிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்போர் பலர் அல்லர். ஆனால் கடலட்டைக் குஞ்சு பொரிப்பகமோ, பாடசாலை ஆய்வுகூடமோ, வீட்டு விறாந்தையோ, மூடிய பாத்திரத்தில் கடல்நீரை உயிரோடு வைத்திருக்க முயலும் எவரையும் இவை ஏறத்தாழ இதே வரிசையில்தான் வந்தடையும். இப்படர்வுகளில் பெரும்பாலானவை நோயல்ல. நீரிலும் கல்லிலும் என்ன கரைந்திருக்கிறது என்பதற்கான சான்று. எது படர்ந்திருக்கிறது என்று அறியாமல் செய்யும் வைத்தியம் ஒன்றை ஒழித்து அதைவிடக் கடினமான இன்னொன்றை அழைத்துவரும். குடாநாட்டில் அந்தச் சான்று முதலில் சுட்டுவது கிணற்றுத் தண்ணீரை. இம்மூன்றையும் நிலைநாட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

தொட்டியைச் சைக்கிள் பண்ணுவது என்று மீன் வளர்ப்போர் சொல்வது, நைதரசன் வட்டத்தை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தொடக்கிவைப்பதைத்தான். அழுகும் இறால் துண்டோ மீன் உணவோ அமோனியாவைத் தருகிறது. ஒருவகை நுண்ணுயிர் அதை நைத்திரைற்றாகவும் இன்னொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. பற்றீரியாக்களே இவ்வேலையைச் செய்கின்றன என்பதை செர்கேய் வினோகிராத்ஸ்கி 1890 அளவில் காட்டினார். அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம் பாடநூல்கள் நைத்ரோசோமோனாசு, நைத்ரோபக்டர் என்ற இரு பெயர்களோடு நின்றுவிட்டன. 1990களின் இறுதியில் செய்யப்பட்ட மரபணுச் சோதனைகள், மீன்தொட்டிகளில் இரண்டாம் கட்ட வேலையைப் பெரும்பாலும் செய்வது நைத்ரோஸ்பைரா என்று காட்டின. 2005இல் அமோனியாவை ஒட்சியேற்றும் ஆர்க்கியா (பற்றீரியாவிலிருந்து வேறான ஒரு நுண்ணுயிர்ப் பிரிவு) ஒன்று முதன்முதலாகத் தனித்தெடுக்கப்பட்டது. அது கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் காட்சியகத்திலிருந்த வெப்பமண்டலக் கடல்தொட்டியின் சரளைக்கல். மீன்தொட்டியில் படர்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கடல் முழுவதுக்கும் பொருந்தும் உண்மையைக் கண்டெடுத்தார்கள் என்பதை நினைவில் வைப்பது நல்லது. நமது கேள்விக்கு இங்கே முக்கியமானது வேகம். அழுகற் பொருளைத் தின்னும் சாதாரணப் பற்றீரியாக்கள் ஒரு மணி நேரத்துக்குள் இரட்டிக்கக்கூடியவை. நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்களுக்கு அரைநாளிலிருந்து ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும். ஆகவே நான்கு முதல் ஆறு வாரம்வரை தொட்டியில் உணவு நிறைய இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ள வேண்டியவை போதிய தொகையில் இல்லை. அந்த இடைவெளியில் விரைவாகப் பெருகத் தெரிந்தவை எல்லாம் நுழைகின்றன. போத்தலில் விற்கும் பற்றீரியாக் கரைசல் இந்த இடைவெளியைச் சுருக்கலாம், அடைக்க மாட்டாது.

முதலில் வருவது வெண்கலக்கம். அது பற்றீரியாப் பெருக்கம். பெரும்பாலும் சில நாள்களில் தானே தெளியும். கல்லில் தொங்கும் வெள்ளை நாரும் அதே குடும்பம். கல்லின் துளைகளுக்குள் செத்துக் கிடக்கும் கடற்பஞ்சையும் புழுவையும் தின்னும் பற்றீரியா, பூஞ்சைப் படலம் அது. தின்ன எதுவும் இல்லாதபோது போய்விடும். இரண்டிலும் உண்மையான ஆபத்து ஒன்றுதான்: ஒட்சிசன். 30 பாகை செல்சியசில் கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசனையே தாங்கும். சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து அறைக்குள் தொட்டிநீர் அந்த வெப்பத்தை எளிதில் எட்டும். கலங்கிய நீரில், இரவில், மின்சாரம் நின்று மோட்டர் ஓயும் நேரத்தில் ஒட்சிசன் சரசரவென்று இறங்கும். எனவே இக்கட்டத்தில் வேண்டியது மருந்தல்ல, மேற்பரப்பை அசைக்கும் நீரோட்டமும் மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பியும். மீனும் இருக்கக் கூடாது. கடல்நீரின் பிஎச் 8.2 அளவில் இருப்பதால் அமோனியாவில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும் பகுதி நச்சான கட்டற்ற வடிவில் இருக்கும். நடுநிலை நன்னீரில் அது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. நன்னீர்த் தொட்டியில் பிழைத்த அவசரம் கடல்நீரில் பிழைக்காது.

அடுத்து வரும் பழுப்புத் தூள் பெரும்பாலும் தயற்றம். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடுடைய ஒருகல அல்கா அது. விரலால் தேய்த்தால் மாவாகப் போகும். நீரிலுள்ள சிலிக்கேற்று தீர்ந்ததும் அதன் ஆட்டமும் தீரும். இதைக் கண்டு பதறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடலட்டைக் குஞ்சு பொரிப்பகங்களில், நீந்தும் நிலையிலுள்ள குடம்பிகள் வந்து அமர்வதற்காகவே தட்டுகளில் தயற்றத்தை வேண்டுமென்று படரவிடுகிறார்கள். ஓரிடத்தில் சுரண்டி எறியும் படலம் இன்னோரிடத்தில் விதைக்கப்படுகிறது. வீட்டுத் தொட்டியிலும் அதை மேயும் நத்தைக்கும், நுண்ணிறால்களுக்கும் அதுவே முதல் தீனி.

தயற்றத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டில்தான் தவறுகள் நடக்கின்றன. ஒன்று சயனோபற்றீரியா: கருஞ்சிவப்பாகவோ நீலப்பச்சையாகவோ வழுவழுப்பான தோலாக மணலை மூடும், நுனியைப் பிடித்தால் தாளாக உரிந்துவரும், சேற்று நாற்றம் அடிக்கும். மற்றது டைனோபிளஜலேற்று: பழுப்புச் சளி, நுனியில் குமிழ்; பகலில் தடித்து இரவில் மெலியும். கண்ணுக்கு இவை ஒன்றுபோல் தோன்றினாலும் பிரித்தறிவது எளிது. சளியைக் கொஞ்சம் தொட்டிநீரோடு சிறு போத்தலில் இட்டுக் குலுக்கி, கடதாசி வடியில் வடித்து, தெளிந்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். மீண்டும் இழையாகத் திரண்டால் அது டைனோபிளஜலேற்று. உயர்தர உயிரியல் படிப்பிக்கும் பாடசாலைகளிலுள்ள 400 மடங்கு நுணுக்குக்காட்டி இன்னும் திடமாகச் சொல்லும்: தயற்றம் ஓட்டுக்குள் விறைத்து வழுக்கி நகரும், டைனோபிளஜலேற்று சுழன்று நீந்தும், சயனோபற்றீரியா கருவற்ற கலங்கள் அடுக்கிய இழையாகத் தெரியும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் திரவங்களை ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஏன் இந்தப் பிரித்தறிதல் இவ்வளவு முக்கியம்? அல்பிரட் ரெட்பீல்ட் 1934இல் தொடக்கிய ஆய்வுகளின்படி கடற் பிளாந்தன்களில் காபன், நைதரசன், பொசுபரசு ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் உள்ளன. நீரில் அந்த விகிதம் குலையும்போது வெல்பவை மாறுகின்றன. நைதரசன் குறைந்து பொசுபேற்று மிஞ்சினால் சயனோபற்றீரியாவுக்கு வாய்ப்பு. அவற்றுள் சில கரைந்துள்ள நைதரசன் வாயுவையே பிடித்துப் பயன்படுத்த வல்லவை. இரண்டும் மிஞ்சினால் பச்சை நார்ப்பாசி. இரண்டையும் பூச்சியத்துக்கு இறக்கினால் பாசியும் பற்றீரியாவும் பட்டினியில் ஒடுங்க, காலியான இடத்தை டைனோபிளஜலேற்று எடுத்துக்கொள்ளும். படர்வைக் கண்டால் நீரைச் சுத்தமாக்கு, சத்தை அகற்று என்பது மீன் வளர்ப்பில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் பொது அறிவுரை. சயனோபற்றீரியாவுக்கும் நார்ப்பாசிக்கும் அது ஓரளவு சரி. டைனோபிளஜலேற்றுக்கு அதே அறிவுரை உரமாகிறது. அங்கே செய்யவேண்டியது தலைகீழ்: நைத்திரேற்றை லீற்றருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரையும் பொசுபேற்றைச் சிறிதளவும் மீள உயர்த்தி, போட்டியாளர்களை வளரவிட்டு, மூன்று நாள் இருட்டடித்து, இரவில் நீரில் மிதக்கும் வகையாயின் புறஊதா விளக்கினூடாக நீரை ஓட்டுவது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். குடாநாட்டுக்கு ஆறில்லை, வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடும். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீர்தான் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் எங்கும் குடிநீரும் தோட்டநீரும். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இட்ட யூரியாவும், கிணற்றுக்குக் கிட்டவே அமைந்த மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றை அந்தக் கல்லினூடாக நேரே நிலத்தடிக்கு இறக்குகின்றன. குடிநீருக்கு எல்லையாக வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை வலிகாமத் தோட்டக் கிணறுகள் பல தாண்டியிருப்பதை 1980கள் முதற்கொண்டே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. குழந்தைகளின் உடல்நலத்தை முன்னிட்டுப் பேசப்பட்ட விடயம் அது. மீன்தொட்டியோடு வைத்துப் பார்க்கும்போது அதே எண் வேறொரு பொருள் தருகிறது. திறந்த கடலின் முருகைப்பாறைகளைத் தழுவும் நீரில் நைத்திரேற்று லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் மிகக் கீழே. 50 மில்லிகிராம் உள்ள கிணற்றுநீரில் உப்புத்தூளைக் கரைத்து 100 லீற்றர் தொட்டியை நிரப்பினால், ஒரு மீனும் போடுமுன் 5 கிராம் நைத்திரேற்று உள்ளே. நைத்திரேற்று மட்டும் பாசியை வளர்க்காது என்பது உண்மை. சுண்ணாம்புக்கல் பொசுபேற்றைப் பிடித்துவைப்பதால் கிணற்றுநீரில் அது பொதுவாகக் குறைவு. குறையும் அந்தப் பாதியைக் கல்லும் மீன் உணவும் கொண்டுவந்து சேர்க்கின்றன. பிறகு பச்சை நார்ப்பாசிக்கு எதுவும் குறைவில்லை.

இதற்கு எளிய மறுப்பு ஒன்றுண்டு. மூன்று புறமும் கடல் இருக்க எவர் கிணற்றுநீரில் கடல்நீர் தயாரிக்கப் போகிறார்? நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டியிலிருந்து ஆவியாவது நன்னீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். குறையும் அளவை நன்னீராலேயே ஈடுசெய்ய வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் 100 லீற்றர் தொட்டி நாளுக்கு ஒரு லீற்றர் இழப்பதாகக் கொள்வோம். அதே கிணற்றுநீரை ஊற்றினால் முப்பது நாளில் லீற்றருக்கு 15 மில்லிகிராம் நைத்திரேற்று கூடியிருக்கும். கல்சியமும் சிலிக்கேற்றும் கூடவே ஏறும். சரியாக ஆறு வார முடிவில், வட்டம் முடிந்துவிட்டது என்று நம்பும் வேளையில், பாசி தொடங்குவதன் காரணம் பல இடங்களில் இதுவே. கடல்நீரையும் எங்கே அள்ளுவது என்று பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழமற்றது. மாரியில் வெள்ளநீர் சேர்ந்து உவர்ப்பு இறங்கும், கோடையில் கடலையும் மிஞ்சி ஏறும், ஊர்க்கழிவும் தோட்டச் சத்தும் அதற்குள்தான் வடிகின்றன. பருத்தித்துறை முதல் காங்கேசன்துறை வரையான வடகரைத் திறந்த கடலில், கலக்கமற்ற நாளில், வற்றுக்கு முன் அள்ளிய நீர் மேல். அதையும் வடித்து இரண்டு வாரம் இருட்டில் மூடிவைத்து, உப்புமானியில் அடர்த்தி 1.025 அளவில் நிற்கிறதா என்று பார்த்தபின் சேர்ப்பதே முறை.

ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன என்ற கேள்வியும் இங்கே எழும். கடல்நீர் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் பின்னர் ஜிப்சமும் படிகின்றன, அதன்பிறகே சோற்றுப்பு. மகனீசியமும் பொற்றாசியமும் கடைசிவரை கசப்புநீரில் தங்கி வெளியேற்றப்படுகின்றன. பாத்தியிலிருந்து வாரிய உப்பு எவ்வளவு சுத்தமோ, அவ்வளவுக்குக் கடல்நீரிலிருந்து விலகியது. அதில் பற்றீரியா வாழலாம், சிப்பியும் முருகையும் வாழா.

நல்ல நன்னீருக்கு வழி உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையை, முதல் மழை கூரையைக் கழுவிப் போனபின், துத்தநாகத் தகடோ செப்புப் பீலியோ படாமல் பிடித்து மூடிவைத்தால் அதைவிட மென்மையான நீர் குடாநாட்டில் இல்லை. மற்றது எதிர்ச் சவ்வூடுபரவல் நீர். நைத்திரேற்றின் பெரும்பகுதியை அந்தச் சவ்வு தடுக்கும். சிலிக்காவில் சிறிது நழுவும், அதற்கு அயன்பரிமாற்றப் பிசின் தேவை. வடமராட்சி கிழக்குத் தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட, நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையமும் இதே சவ்வை நம்பியது. அத்தகைய நிலையங்கள் எல்லாவற்றுக்கும் தலைவலி சவ்வின்மேல் படரும் நுண்ணுயிர்ப் படலமே. வீட்டுத் தொட்டியின் கேள்வி அவ்வளவு தூரம் நீள்கிறது. ஆனால் கிணற்றுநீரைக் கைவிடுகிறவர் அந்த வேகத்திலேயே பொசுபேற்று உறிஞ்சிகளையும் அடுக்கி நீரை வெறுமையாக்கிவிட்டால், நார்ப்பாசி போய் டைனோபிளஜலேற்று வரும். சத்தைக் குறைப்பது படிப்படியாக நடக்கவேண்டிய வேலை.

நீருக்கு அடுத்த வாசல் கல். உயிருள்ள பாறைத்துண்டு ஒன்று நைத்திரேற்றாக்கும் நுண்ணுயிர்களைச் சுமந்துவருவதால் வட்டத்தைச் சுருக்கும் என்பது உண்மை. அதற்காகக் கடலில் முருகையை உடைப்பது இலங்கையில் குற்றம்: 1981ஆம் ஆண்டுக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வைத் தடைசெய்தது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இழப்பு பெரிது. குடாநாட்டு முருகைப்பாறைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான கட்டுரை, இலங்கையில் அதற்குமுன் பதிவாகாத 36 முருகை இனங்களை மரபணு அடையாளத்தால் உறுதிசெய்தது. இன்னும் எண்ணி முடியாத செல்வத்தைத் தொட்டிக்காக உடைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது. காய்ந்த கல்லை வைத்து, இருட்டில் பல வாரம் ஊறவிட்டு, பொசுபேற்றைச் சோதித்தபின் பயன்படுத்தினால் ஒரு மாதம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான்.

விற்பனைக்கு வரும் உயிருள்ள கல்லில் கூடவே வருபவையும் விசித்திரப் படர்வாகத் தோன்றும். கண்ணாடியில் ஒட்டும் வெள்ளைச் சுருள் புள்ளிகள் சிறு குழாய்ப்புழுக்கள். வடிகட்டியின் நிழலில் முளைக்கும் வெண்குஞ்சங்கள் கடற்பஞ்சுகள். கல்லில் பரவும் ஊதாப் பூச்சு சுண்ணாம்பு அல்கா. இவை தொட்டி நலமாக முதிர்கிறது என்பதற்கே அடையாளம். பழுப்பு நிற, ஒளி ஊடுருவும், தொட்டவுடன் துளைக்குள் ஒடுங்கும் ஐப்டேசியா அனிமனிதான் விதிவிலக்கு. கிழித்தால் ஒவ்வொரு துண்டும் புதிதாக வளரும். முதலில் காணும் ஒன்றை அன்றே தீர்க்க வேண்டும். கல்லை எடுத்துக் கொதிநீரில் அவித்துவிடலாம் என்ற யோசனையை மட்டும் எவரும் கைக்கொள்ளக் கூடாது. பலிதோவா இனப் பொத்தான் உயிரிகள் கல்லில் இருந்தால் ஆவியோடு பலிரொக்சின் கிளம்பும். 1971இல் ஹவாயில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு அறியப்பட்டவற்றுள் மிகக் கொடியவற்றில் ஒன்று. கல்லை அவித்தவர்களும் அவர்தம் வீட்டாரும் மூச்சுத்திணறலோடு வைத்தியசாலை சென்றது மேலைநாடுகளில் மருத்துவப் பதிவாகியுள்ளது.

எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைப் போட்டால் சயனோபற்றீரியா மூன்று நாளில் மறைகிறதே, பிறகேன் இவ்வளவு பாடு என்று கேட்போர் உண்டு. மறைவது உண்மை. செத்த படலம் மொத்தமாக அழுகும்போது ஒட்சிசன் வீழ்வதும், கட்டியிருந்த சத்து மீண்டும் நீருக்குத் திரும்புவதும் உண்மை. செப்புக் கலந்த பாசிக்கொல்லி இன்னும் மோசம்: இறாலையும் நத்தையையும் கொல்வதோடு சுண்ணாம்புக்கல்லில் ஊறி, பிற்காலத்தில் கசியும். இவை எங்கும் பொருந்தும் வாதங்கள். குடாநாட்டுக்கே உரிய வாதம் ஒன்று எனக்கு இவற்றிலும் வலியதாகப் படுகிறது. இங்கே தொட்டிநீரை வளவில் ஊற்றினால் அது வெடிப்புக்கல்லினூடாக அடுத்த வீட்டுக் கிணற்றைச் சேர அதிக தூரம் இல்லை. நுண்ணுயிர்கொல்லியும் செம்பும் கலந்த நீரை அந்த நிலத்தில் இறக்க எவருக்கும் உரிமை கிடையாது.

அப்படியானால் பார்த்துக்கொண்டே இருப்பதா? இல்லை. அகற்றுவது வேறு, கொல்வது வேறு. தீவக விவசாயிகள் கரையொதுங்கும் சாதாழையை அள்ளித் தோட்டத்துக்குப் பசளையாக இட்டார்கள். கடலிலிருந்த சத்து செடியின் உடலாகி நிலத்துக்கு வந்தது. தொட்டிக்கும் அதே கணக்குப் பொருந்தும். பாசி வளரும்போது நைத்திரேற்றையும் பொசுபேற்றையும் தன் உடலில் கட்டுகிறது. நார்ப்பாசியைக் கையால் பிடுங்கி, சயனோபற்றீரியாத் தோலைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றினால் சத்தும் வெளியேறுகிறது. நஞ்சிட்டால் அது தொட்டிக்குள்ளேயே கிடக்கும். அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்: ஒளியூட்டிய வலைத்தட்டில் பாசியை வேண்டுமென்று வளர்த்து, அறுவடை செய்து, முருகைத் தொட்டியின் நீரைத் தூய்மையாக்குவது. விலையுயர்ந்த கருவி இல்லாமல் ஒரு பிளாஸ்ரிக் வலையும் விளக்கும் கொண்டு செய்யக்கூடியது என்பதால் இங்கே இது பரவலாக வேண்டும் என்பது என் விருப்பம். பிடுங்குவதோடு ஒளியை நாளுக்கு ஆறு மணித்தியாலமாகக் குறைப்பதும், வட்டம் முடியும்வரை உணவிடாதிருப்பதும், நீரோட்டம் தேங்கும் மூலைகளை அசைப்பதும் சேர்ந்தால் பெரும்பாலான படர்வுகள் மூன்றாம் மாதத்துக்குள் ஒடுங்கும்.

கடைசியாக, அகற்றியதை எங்கே போடுவது. 20 லீற்றர் நீர் மாற்றினால் 700 கிராம் உப்பு. நன்னீர் மெல்லிய அடுக்காக உவர்நீரின் மேல் மிதக்கும் இந்த நிலத்தில் அதைக் கிணற்றடியில் ஊற்றுவது கிணற்றுக்கு உப்பிடுவதாகும். கடலில் கொட்டுவதும் தீர்வாகாது, உயிரோடு எதுவும் போகாதிருந்தாலன்றி. 1984இல் மொனாக்கோ கடலியல் அரும்பொருளகத்தின் அருகே ஒரு சதுர மீற்றர் அளவில் காணப்பட்ட கோலெர்ப்பா என்னும் தொட்டிப்பாசி பின்னர் மத்தியதரைக் கடலடியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. நமக்குக் கிட்ட, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி உயிருள்ள முருகையின் மேல் ஏறிப் படர்ந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். ஆகவே பிடுங்கிய பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, உப்பைக் கழுவிப் பசளைக் குழியில் இட வேண்டும். மாற்றிய நீரைச் சீமெந்துத் தரையிலோ பழைய தாச்சியிலோ வற்றவிட்டு, எஞ்சும் உப்பை வாரி ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோடைவெயிலில் ஒரு வாளி நீர் வற்றச் சில நாள்கள் போதும்.